18-ல ஏசி, மேல போர்வை

வேலூர் வெயிலுக்கு ஏசியே வேணாம்னு நான் சொல்லல. அக்னி நட்சத்திரத்துல சத்துவாச்சாரி மொட்டை மாடியில கூழ்வடகம் பிழிஞ்சா, கடைசி வரிசை போடுறதுக்குள்ள முதல் வரிசை காஞ்சிடுது. ஆனா 18-ல வெச்சுட்டு ரெண்டு போர்வை போத்திக்கிட்டுத் தூங்குறதுக்கு எதுக்குடா ஏசி? 2020-லேர்ந்து புது ஏசியெல்லாம் 24-லதான் ஆரம்பிக்கணும்னு சர்க்காரே விதி போட்டிருக்கு. என் பையன் விரல் அதைவிட வேகம்.

இதுல மே மாசத்துல கீசர் வேற! டேங்க் தண்ணியே கொதிக்குது, பைப்பைத் திறந்தா கை பொத்துப்போவுது. அதை இன்னும் காய்ச்சி ரசமா வைக்கப் போற? டிவியை ரிமோட்ல அமுக்குனா அணைஞ்சிடுச்சாம். அந்தச் சிவப்பு லைட்டு ராத்திரி பூரா யாருக்கு எரியுது? ரூம்ல ஆளே இல்ல, ஃபேன் நாற்காலிக்கு வீசிட்டிருக்கு.

கேட்டா, "100 யூனிட் ஃப்ரீதானேம்மா?" ஆமாம் ராசா, ரெண்டு மாசத்துக்கு 100! உன் ரூமுக்கே அது எந்த மூலைக்கு? 500-ஐத் தாண்டினா ரேட்டே மாறிடும்னு சொன்னா காதுல ஹெட்போன்.

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்தா மட்டும் 'பூமியைக் காப்போம்'னு ஸ்டேட்டஸ். பார்த்தியாம்மான்னு என்னையே கேக்குறான்!