ஆற்காட்டு வைரமும் பாலாற்றங்கரைக்காரர்களும்

ஆற்காடு என்றால் நமக்கு மக்கன் பேடா. வெளிநாட்டு நகை ஏலக்காரர்களுக்கோ வைரம். நவாப் முகமது அலி வாலாஜா (வாலாஜாபேட்டைக்குப் பெயர் தந்தவரேதான்) இங்கிலாந்து அரசி சார்லட்டுக்குப் பரிசளித்த கற்களில் இரண்டை இன்றும் 'ஆற்காடு வைரங்கள்' என்றே அழைக்கிறார்கள். அதில் ஒன்று 2019இல் நியூயார்க்கில் சுமார் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் ஊர்ப் பெருமை என்று அதைப் பகிரும் நண்பர்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அந்த நவாப் கழுத்தளவு கடனில் இருந்தவர். சென்னையில் இருந்த ஆங்கிலேயர்களிடம் வட்டிக்கு வாங்கி, ஈடாக நிலவரி வசூலை எழுதிக் கொடுத்தார். வட்டியைக் கட்டியது குடியானவனின் களத்துமேடு. 1785இல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் இந்தக் கடன் கொள்ளையைப் பற்றியே நீண்ட உரை ஆற்றினார். இப்படி ஆட்சி செய்த நவாப் அரசிக்கு வைரம் கொடுத்ததில் நமக்கு என்ன பெருமை?

வைரம் தோண்டியவர்கள் கதை வேறு. 17ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்துக்குப் போன பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, அங்கே சுமார் 60,000 பேர் வேலை செய்ததாக எழுதியிருக்கிறார். ஆண்கள் தோண்ட, பெண்களும் பிள்ளைகளும் மண் சுமந்தார்கள்.

பழங்கதை என்பீர்கள். சரி, நம் வீட்டு நகைப் பெட்டியைத் திறப்போம். பாட்டி காலத்து 'ப்ளூ ஜாகர்' வைரத்தோடு தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரைச் சுமப்பது. சுரங்கம் மூடிப் பல பத்தாண்டுகள் ஆனபிறகும் அதன் கழிவுச் சேற்றுக்கு ஓர் அணை அங்கே நின்றது. 2022 செப்டம்பர் 11 அன்று அது உடைந்தது. சேறு ஊருக்குள் புகுந்து வீடுகளை வாரிக்கொண்டு போனது, உயிரும் போனது.

அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு ராணிப்பேட்டைதான் நினைவுக்கு வந்தது. 2015 ஜனவரி 31. தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பளபளப்பான ஏற்றுமதிச் சரக்கு பின்னால் எதை விட்டுவிட்டுப் போகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் நீட்டும் சான்றிதழைப் பாருங்கள். கேரட், நிறம், தெளிவு, வெட்டு எல்லாம் இருக்கும். சேறு எங்கே போனது என்று இருக்காது. வைர வணிகத்துக்காக நாடுகள் சேர்ந்து 2003இல் கொண்டுவந்த கிம்பர்லி ஏற்பாடு இருக்கிறதே என்பார்கள். சியரா லியோன் போன்ற நாடுகளில் ஓடிய ரத்தத்துக்குப் பிறகு வந்தது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கிளர்ச்சிப் படைகள் அரசுக்கு எதிரான போருக்குப் பணம் திரட்ட விற்கும் பட்டை தீட்டாத கல்லை மட்டுமே அது தடுக்கிறது. 2008இல் ஜிம்பாப்வேயின் மராங்கே வைர வயலில் அரசுப் படையே தோண்டியவர்களைச் சுட்டுக் கொன்றது. அந்த வரையறைக்குள் அது வரவில்லை!

ஆம்பூர்த் தோலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் கழிவுநீருக்குத் தணிக்கைச் சான்று கேட்கின்றன. தோல் ஆலைக் கழிவை எதிர்த்து இங்கே வழக்குப் போட்டவர்கள் இருந்ததால் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பாலாறு இன்னும் தேறவில்லை என்றாலும், கேட்க ஆள் இருந்ததால்தான் இவ்வளவாவது நடந்தது. கல்லுக்கு மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை? செய்கூலி, சேதாரத்துக்கு அரைமணி நேரம் பேரம் பேசும் நாம், எந்தச் சுரங்கத்துக் கல் என்று ஒரு கேள்வி கேட்கலாம். தெரியாது என்றால் பில் போட அவசரப்பட வேண்டாம்.