படுத்தால் எழ எத்தனை மணி நேரம்?

சொந்தமாக சர்வர் வாங்குவதா, இணையம் வழியே வேறொருவரின் சர்வரை வாடகைக்கு எடுக்கும் கிளவுடுக்குப் போவதா என்று பேச்சு வந்தாலே எல்லோரும் மாதம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, சர்வர் படுத்துவிட்டால் (நின்றுபோனால்) எழ எத்தனை மணி நேரம் ஆகும் என்பது.

"99.9% அப்டைம்" என்று, அதாவது அவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்று, கொட்டேஷனில் இருக்கும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஏறக்குறைய 8 மணி 46 நிமிடம் நின்றாலும் அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. இணைய லைன், சர்வர், டேட்டாபேஸ் மூன்றும் தலா 99.9% என்றால், எது நின்றாலும் வேலை நிற்கும், மொத்தம் 99.7%தான், அதாவது வருடத்துக்கு 26 மணி நேரம். அதையும் தாண்டினால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த பில்லில் கொஞ்சம் கழிவு. நின்றுபோன வியாபாரத்துக்கு ஈடு கிடையாது.

"ரெய்டு போட்டிருக்கிறோமே" என்பார்கள். ரெய்டு என்பது டேட்டாவைப் பல டிஸ்குகளில் சேர்த்து வைக்கும் முறை. ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். தவறுதலாக அழித்த ஃபைலை எல்லா டிஸ்கிலும் சேர்த்தே அழித்துவிடும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அதே கதிதான்.

பேக்கப் எடுப்பது பாதி வேலை. 2 டெராபைட் டேட்டாவை 100 எம்பிபிஎஸ் லைனில் திரும்ப இறக்க, லைன் முழு வேகத்தில் ஓடினாலே 44 மணி நேரம் ஆகும். கிட்டத்தட்ட இரண்டு நாள் பில் போட முடியாது. இந்தக் கணக்கை யாருமே போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்களின் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், தவறான சர்வரில் கொடுத்த ஒரு கட்டளையால் முதன்மை டேட்டாபேஸே அழிந்தது. தினசரி பேக்கப், மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் ஓடவே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (டேட்டா அந்த நொடியில் இருந்த நிலையின் நகல்) காப்பாற்றியது. அதை நகலெடுக்கவே பல மணி நேரம் பிடித்தது. விவரம் தெரிந்தவர்களுக்கே இந்த நிலை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் அசல், பேக்கப் இரண்டையும் இழந்தார்கள்.

கொட்டேஷனில் வராத செலவுகள் தனி. கிளவுடிலிருந்து டேட்டாவை வெளியே எடுக்கப் பல இடங்களில் ஜிபி கணக்கில் கட்டணம் உண்டு. சொந்த சர்வர் என்றால் யூபிஎஸ் பேட்டரியை 3 முதல் 5 வருடத்தில் மாற்ற வேண்டும். அறை சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். பிராசசருக்குள் இருக்கும் கோர்களின் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) எண்ணிக்கைக்கு லைசென்ஸ் கேட்கும் மென்பொருள் என்றால், பெரிய சர்வர் வாங்கியதற்கே கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு ஒத்திகை பாருங்கள். காலி மெஷின் ஒன்றில் நேற்றைய பேக்கப்பை இறக்குங்கள். நேற்றைய கடைசி இன்வாய்ஸ் திறக்கிறதா என்று கணக்குப் பிரிவில் இருப்பவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு, பிறகு கொட்டேஷனைக் கையில் எடுங்கள்.