உதட்டசைவும் செவிப்புறணியும்

ஒவ்வொரு புலனும் தன் வேலையைத் தனியே முடித்த பிறகுதான் மூளை அவற்றை ஒன்றிணைக்கிறது என்று, புலன்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 1976-இல் உளவியல் ஆய்வாளர்கள் மெக்கர்க்கும் மெக்டொனால்டும் வெளியிட்ட ஆய்வின்படி, ‘பா’ என்னும் ஒலியை, ‘கா’ என்று உச்சரிக்கும் முகத்தைப் பார்த்தபடி கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு ‘தா’ என்றே கேட்கிறது. கண்களை மூடிக்கொண்டால் உடனே ‘பா’ திரும்பிவிடுகிறது. சூட்சுமம் தெரிந்தவர்களுக்கும், வியப்பூட்டும் வகையில், இந்த மயக்கம் பெரும்பாலும் நீங்குவதில்லை. அதைவிட முக்கியமாக, ஒலியே இல்லாமல் உதட்டசைவை மட்டும் பார்க்கும்போதும் செவிப்புறணி, அதாவது ஒலியை உணரும் மூளைப்பகுதி, இயங்குவதை 1997-இல் வெளியான மூளைப்பட ஆய்வு காட்டியது. பேசும்போது உதடுகள் பல வேளைகளில் ஒலிக்குச் சற்று முன்பே அசையத் தொடங்குவதால், வரவிருக்கும் ஒலிக்கு அப்பகுதி முன்கூட்டியே ஆயத்தமாகிறது என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இரைச்சலான இடத்தில், பேசுபவரின் முகம் தெரிந்தால் பேச்சு தெளிவாக விளங்குவதையும் கட்டுரையாளர் இதனுடன் சேர்த்து விளக்கியிருக்கலாம்.