நாய்க்கு மொட்டை போடாதிய!

கத்திரி வெயில் பொறந்துட்டா போதும், பாளையங்கோட்டையில தெருவுக்கு ஒரு நாய் மொட்டையா நிக்குது. திருச்செந்தூர்ல முடி எறக்கிக் கூட்டியாந்த மாதிரி. கேட்டா எல்லாரும் ஒரே பதிலத்தான் சொல்லுதாவ: "வெக்கை தாங்காதுல்லா, பாவம்!" நேத்தும் ஒரு வீட்டு வாசல்ல இதே கொடுமை. பஞ்சுப்பொதி மாதிரி இருந்த வெள்ளைப் பொமரேனியன், இப்போ தோல் செவசெவன்னு தெரிய, தொவைக்கிற கல்லுக்குப் பின்னால ஒடுங்கிக் கெடக்கு. காதுக்குப் பின்னால மஞ்சப்பொடி அப்பியிருக்கு.

ஏய்யா, அந்த முடி எதுக்கு இருக்குன்னு ஒரு நிமிசமாவது யோசிச்சியளா? நமக்கு மேலெல்லாம் வேர்க்கும், காத்துப் பட்டா குளுரும். நாய்க்கு அப்படி இல்ல. பாதத்துல மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மத்தபடி நாக்கத் தொங்கப்போட்டு இளைச்சுத்தான் அது சூட்டை வெளியேத்தணும். முடிய வழிச்சா அதுல ஒரு மாத்தமும் வராது. பொமரேனியனுக்கு முடி ரெண்டு அடுக்கு. மேல இருக்க நீள முடி வெயிலத் தோல்ல படவிடாது. அடியில இருக்கது பஞ்சு முடி. உதிர்ந்த பஞ்சு வெளிய வராம உள்ளயே சிக்கிக் காத்தை அடைக்கும். அந்தச் செத்த பஞ்சைச் சீவி எடுத்துட்டா வேலை முடிஞ்சுது. ஒட்ட வழிச்சா, வெள்ளை நாயோட தோல் நேரா வெயில்ல வேகும். வழிச்ச எடத்துல முடி திட்டுத்திட்டா மொளைக்கும். சில நாய்க்கு ஒரு வருசம் கழிச்சும் சரியா வராது. (நம்ம ஊர்ல பொமரேனியன்னு விக்கிறதுல நெறைய இந்தியன் ஸ்பிட்ஸ்ங்கிற வேற இனம்தான். அதுக்கும் இதே ரெண்டடுக்கு முடிதான், இதே கதிதான்.)

சரி, வழிக்கத்தான் போறாவ, அதையாவது ஒழுங்காச் செஞ்சாவளா?

மொதல்ல குளிப்பாட்டியிருக்காவ. சீவவே இல்ல! மொத தப்பே இதுதான், மத்த எல்லாத்துக்கும் இதுதான் வேர். காதுக்குப் பின்னால, அக்குள்ல, தொடை இடுக்குல, கழுத்துப்பட்டைக்கு அடியில சடை பிடிச்சிருக்கும். காஞ்ச சடைய வெரலால பிரிச்சு, கொஞ்சம் சோளமாவைத் (கடையில கார்ன்ஃப்ளார்னு விக்கிற வெள்ளை மாவு) தூவி, அடிமுடிய ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நுனியிலருந்து சீவினா வந்துரும். பிடிச்சுக்கிட்டுச் சீவினாத்தான் தோல் இழுபடாது. தண்ணி பட்டா அதே சடை சுருங்கி, கம்பளித்துணி மாதிரி இறுகிப் போவும். அதுக்குள்ள சோப்பும் ஈரமும் நின்னு அடித்தோல் புழுங்கிப் புண்ணாவும். அதனால சீவாத நாய் மேல ஒரு மக்குத் தண்ணி கூட ஊத்தக்கூடாது. ஸ்லிக்கர் பிரஷ்ஷால (மெல்லிசு கம்பிப் பல் வச்ச பிரஷ்) சீவி முடிச்ச பெறவு பல் அகலமான சீப்பைத் தோல் வரைக்கும் விடணும். எங்கயும் தடுக்காம போனாத்தான் குளியல்.

அதுக்கும் என்ன போட்டாவ? துணி சோப்பு! மனுசத் தோலுக்கே ஆவாத காரம் அது. நாய்த்தோல் நம்ம தோலவிட மெல்லிசு. நாய் ஷாம்பைக் கூட அப்படியே ஊத்தக்கூடாது. ஒரு பங்குக்கு எட்டு, பத்து பங்கு தண்ணி கலந்தாத்தான் அடிமுடி வரைக்கும் எறங்கும், அலசுனா முழுசா வெளியேறும். தேய்க்க அஞ்சு நிமிசம்னா அலச பத்து நிமிசம். காதுக்குழாய் நேரா இருக்காது, கீழ எறங்கி உள்ள திரும்பும். போன தண்ணி தானா வராது. பஞ்சு வைங்க, குளிச்சு முடிஞ்சதும் மறக்காம எடுங்க.

பெறவு அந்த ஈரத்தோட தாடி ட்ரிம்மரை வச்சிருக்காவ. மனுசத் தாடிக்குச் செஞ்ச பிளேடு பஞ்சு முடியில நாலு இழுப்புல அடைச்சுக்கிடும். அடைச்சா சூடேறும். நாய் முடி வழிக்கன்னே செஞ்ச கிளிப்பர் மெஷினே சில நிமிசத்துல தோலைச் சுடும். அதனாலதான் மணிக்கட்டுல வச்சுப் பாத்துப் பாத்து ஓட்டணும்னு சொல்லுதோம். ட்ரிம்மர் நின்னுபோச்சா, அடுத்தது அடுப்படிக் கத்திரிக்கோல். காய்கறிப் பைய அறுத்து மழுங்கின கத்திரிக்கோல்! காதுக்குப் பின்னால இறுகின சடைய மேல தூக்கிப் பிடிச்சு அடியில ஒரு வெட்டு. தூக்கினா தோலும் கூடவே எழும்பும்யா! முடி எங்க முடியுது, தோல் எங்க தொடங்குதுன்னு கண்ணுக்கே தெரியாது. சடைக்கும் தோலுக்கும் நடுவுல சீப்பை நுழைச்சு, சீப்புக்கு மேலதான் வெட்டணும். சீப்பு நுழையலன்னா கத்திரிய கீழ வைங்க. வாய் பொளந்த காயத்துக்கு மஞ்சப்பொடி தையல் போடாது. ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, தூக்கிட்டுப் போங்க.

அதோட விட்டாவளா? நகவெட்டிய எடுத்துட்டாவ. நம்ம நகம் தட்டை, நாய் நகம் உருண்டை. நம்ம நகவெட்டி அதை வெட்டாது, நசுக்கிப் பொளக்கும். கறுப்பு நகத்துல ரத்தக்குழாய் வெளிய தெரியாது. ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டரா சீவி, வெட்டுன முகத்தை ஒவ்வொரு தடவையும் பாக்கணும். நடுவுல கரும்புள்ளி தெரிஞ்சா நிப்பாட்டணும். ரத்தம் வந்துட்டா சோளமாவை அப்பி ரெண்டு மூணு நிமிசம் விடாம அமுக்கணும். ஒரே வெட்டுல தீக்கணும்னு என்ன அவசரம்? இம்புட்டும் வெட்டிட்டு, முன்னங்கால்ல தரையத் தொடாத கட்டைவெரல் நகத்தை மட்டும் விட்டுட்டாவ. வளைஞ்சு சதையில குத்துறதே அதுதான்!

கடைசியா, காயட்டும்னு மொட்டை மாடி வெயில்ல கட்டியிருக்காவ. முடியும் இல்லாம, நெழலும் இல்லாம, மே மாசத்துல. வெக்கை தாங்காதுன்னு சொன்ன அதே வாய்தான கட்டச் சொல்லுச்சு?

வெக்கைக்கு நெழல், ஃபேன், ஈரச்சாக்கு, எந்நேரமும் தண்ணி. நடக்கக் கூட்டிட்டுப் போறதுன்னா விடியக்காலம் மட்டும். முடிய எடுத்தே ஆவணும்னா பாதவெரல் இடுக்குலயும் பின்பக்கத்துலயும் கொஞ்சம் கத்திரிங்க, போதும். சிப்பிப்பாறை, கன்னின்னு நம்ம நாட்டு நாய் வளக்கிறவங்களுக்கு இந்தப் பாடே இல்ல, குட்டை முடி, ரப்பர் கையுறையால வாரம் ஒரு தடவை தடவிவிட்டா முடிஞ்சுது. இந்த வெயிலுக்குன்னே பொறந்த நம்ம நாய் இருக்கும்போது பஞ்சுப்பொதிய வாங்குவாவ, வாங்கிட்டுப் பஞ்சை வழிப்பாவ.

அந்தக் கத்திரிக்கோலை நெனச்சாத்தான் இன்னும் ஆறல. முன்ன சாணை பிடிக்கிறவர் சைக்கிள தெருத்தெருவா உருட்டிட்டு வருவாரு, பெடல மிதிச்சாருன்னா பொறி பறக்கும். இப்போ சத்தத்தையே காணோம். எந்த வீட்டுல எடுத்துப் பாத்தாலும் கத்தி மழுக்கு, அருவாமனை மழுக்கு. மீனு கூட கடையிலயே வெட்டி வாங்குதோம். அவரெல்லாம் எங்கயா போனாரு?