"கொடுத்துக்கோம்மா" என்றவர் போனை எடுக்கவே இல்லை

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன கேடு? புது வேலைக்கு, இவள் என்கிட்ட வேலை பார்த்தாள் என்று போனில் சொல்லுங்கள் என்று பழைய சூப்பர்வைசரிடம் ரெபரன்ஸ் கேட்டு நிற்கிறவளுக்கு அதுகூட உதவிதான், உடனே வேறு ஆளைப் பார்க்கப் போயிடலாம். "இதுக்கெல்லாம் கேக்கணுமா, என் நம்பரைக் கொடுத்துக்கோம்மா" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, போன் வரும்போது எடுக்காமல் இருக்கிறார்களே, அதுதான் வயிறு எரிகிறது.

ஓசூரில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும். காவேரிப்பட்டணம், பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து சிப்காட் தொழிற்பேட்டையில் சேர்கிறோம். வருஷக்கணக்கில் ஒரே கம்பெனி கேட்டுக்குள் போகிறோம், ஒரே லைனில் நிற்கிறோம். ஆனால் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள், அந்தக் கம்பெனி பெயர் இருக்காது. ஆள் எடுத்துக் கொடுத்த காண்ட்ராக்டர் பெயர்தான் இருக்கும். நடுவில் காண்ட்ராக்டர் மாறினால் யு.ஏ.என். என்கிற 12 இலக்க பி.எஃப். நம்பர் அதேதான், அதற்குக் கீழே இன்னொரு பெயர் ஏறிவிடும். பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ வேலை மாறி மாறி ஓடியவள் மாதிரித் தெரியும். நின்ற இடத்தை விட்டு நான் நகரவே இல்லை!

கம்பெனி எச்.ஆரைக் கேட்டால் "உங்க பேரு எங்க ரோல்ல இல்லையேம்மா" என்கிறார்கள். காண்ட்ராக்டர் ஆபீஸில் கேட்டால் அடுத்த வாரம் வா. வேலை முடிந்து போகிறவருக்குக் காண்ட்ராக்டர் பணிச் சான்று கொடுக்க வேண்டும் என்று 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளிலேயே எழுதி வைத்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி கையிலும் அப்படி ஒரு காகிதத்தை நான் பார்த்ததில்லை.

அப்போ மிச்சம் இருப்பது சூப்பர்வைசர் வாய்வார்த்தை ஒன்றுதான். அதனால்தான் அவரிடம் போய் நின்றேன். நான் வேலைக்குக் கேட்டிருக்கிற பெங்களூர் கம்பெனி கொடுத்த படிவத்தில் அவர் பெயர், பதவி, போன் நம்பர், ஆபீஸ் மெயில் எல்லாம் கேட்டார்கள். ஜிமெயில் செல்லாதாம். எல்லாவற்றையும் அவரே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். 080 என்று ஆரம்பிக்கும் நம்பரிலிருந்து கால் வரும், லோன்காரர்கள் என்று கட் பண்ணிடாதீங்க சார் என்று நேரிலும் சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் போட்டேன். நீல டிக் விழுந்தது. அப்புறம் அந்தக் கம்பெனிக்காக விசாரிக்கிற வெரிஃபிகேஷன் ஆட்கள் எனக்கே போன் செய்து, "உங்க ரெபரன்ஸ் எடுக்கவே மாட்டேங்கறார், வேற யாராவது இருக்காங்களா" என்கிறார்கள். நான் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கேன்மா என்று ஒரு மெசேஜ். மறுநாளும் அதே மெசேஜ்.

அவர்கள் என்ன சொத்தையா எழுதிக் கேட்கப் போகிறார்கள்? எந்த மாசத்திலிருந்து எந்த மாசம் வரை இருந்தாள், என்ன வேலை பார்த்தாள், லீவு எப்படி, திரும்ப வந்தால் எடுப்பீர்களா. ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சு. ஷிப்ட் ஆரம்பத்தில் முதல் பீஸை வெர்னியர் வைத்து அளந்து, ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அவர் லைன் ஓடும். பொங்கலுக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போன நேரத்தில் "நீ இருந்தா போதும்மா" என்று ரெண்டு ஷிப்ட் சேர்த்து நிறுத்தினாரே, அப்போது என் நம்பர் அவருக்கு ராத்திரி பதினோரு மணிக்கும் ஞாபகம் இருந்தது. ஒருநாளும் நான் எடுக்காமல் விட்டதில்லை.

இதே மனிதர் தன் சொந்தக்காரப் பையனுக்கு என்றதும் எச்.ஆர். ரூம் வரைக்கும் கூடவே நடந்து போனதை எல்லோரும்தான் பார்த்தோம். அந்தப் பையன் வாங்கிய வேலையில் எனக்குப் பொறாமை இல்லை. எனக்காக அவர் நடக்கவே வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் போனைக் காதில் வைத்தால் போதும்.

என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல மனசில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள் சார். மாட்டேன் என்று ஒரு மெசேஜ் போடுங்கள், நான் கோபப்பட மாட்டேன். வெள்ளிக்கிழமை வரைதான் டைம் கொடுத்திருக்கிறார்கள். பழைய ஷிப்ட் இன்ஜினியர் இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் ஏதோ கம்பெனியில் இருக்கிறாராம், அவர் நம்பராவது தேட வேண்டும்.