வைரஸ் போனாலும் பூட்டு போகாது

கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் தீய நிரலான ரான்சம்வேர் தாக்கிய கணினியை ஆன்டிவைரஸ் கொண்டு சுத்தம் செய்தால் கோப்புகள் திரும்பிவிடும் என்று ஒரு கட்டுரையில் கூறியிருப்பது சரியன்று. ஆன்டிவைரஸ் அந்த நிரலை நீக்குமே தவிர, ஏற்கெனவே பூட்டப்பட்ட கோப்புகளைத் திறக்காது. மார்த்தாண்டத்தில் நான் பணிபுரியும் கணினிக் கடைக்கு ஒரு டிடிபி மையத்திலிருந்து வந்த கணினியில், திருமண அழைப்பிதழ்க் கோப்புகள் அனைத்தின் பெயருக்குப் பின்னாலும் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இலவசமாக இறக்கிய, உரிமப் பூட்டு உடைத்த (கிராக்) போட்டோஷாப்பே ரான்சம்வேருக்கு வழிவிட்டிருந்தது. 'பில்' என்ற பெயரில் மின்னஞ்சலில் வரும் இணைப்பும் இதே வேலையைச் செய்யும்; விண்டோஸ் கோப்பின் வால்பெயரை (.pdf, .exe போன்றவை) வழக்கமாக மறைத்தே காட்டுவதால், அது பிடிஎஃப் அன்று, இயங்கும் நிரல் என்பது கண்ணில் படுவதில்லை.

முதலில் இணையத்தையும் பென்டிரைவையும் துண்டிக்க வேண்டும். பூட்டப்பட்ட கோப்புகளையும் பணம் கேட்கும் குறிப்பையும் தனியே நகலெடுத்து வைத்த பின்னரே ஃபார்மட் செய்வது நல்லது (நம் ஊர்க் கடைகளில் இந்தப் பொறுமை குறைவு). 2016-இல் ஐரோப்பிய ஒன்றியக் காவல் அமைப்பான யூரோபோலும் பிறரும் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் மாதிரிக் கோப்பைப் பதிவேற்றினால், அது எந்த வகை, இலவசத் திறப்பு நிரல் உண்டா என்பவை தெரியவரும். பல வகைகளுக்கு இன்று திறப்பு இல்லை. பின்னர் வெளிவரக்கூடும் என்பதற்காகவே அந்த நகல். பணம் கட்டினாலும் திறவுகோல் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.