அழகுக்காகத்தான் இறக்கினேன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தெரிந்த தம்பி ஒருவன் நேற்று இரவு தன் சின்ன ஹேட்ச்பேக்கின் படத்தை அனுப்பியிருந்தான். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தால் அதிகம். வெள்ளை கார், கறுப்பு அலாய், வயிறு தரையைத் தொடுகிற மாதிரி நிற்கிறது. பார்க்க அட்டகாசம். காரின் உயரத்தை 40 மில்லிமீட்டர் குறைத்துவிட்டு, கீழே எழுதியிருந்தான்: "40 மில்லி இறக்கியாச்சு அண்ணே. இனிமே வளைவுல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுப் போகும்."

முதல் வரிக்கு ஹார்ட் போட்டுவிட்டேன். இரண்டாவது வரி தூங்கவிடவில்லை.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், காரை இறக்குகிறவர்கள் மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நானே இறக்கியவன். ஃபேக்டரியிலிருந்து வரும் சின்ன கார்களில் பல, கட்டைவிரலில் எக்கி நிற்பதுபோல்தான் நிற்கும். அதைக் கொஞ்சம் தரையோடு சேர்த்தால் காரின் முகமே மாறிவிடும். எனக்கும் அந்த ஆசை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அழகுக்காகச் செய்துவிட்டு ஹேண்ட்லிங் (வளைவில் கார் நடந்துகொள்ளும் விதம்) பெயரில் கணக்கு எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த விஷயத்தில் லோரைடர்கள்தான் யோக்கியர்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கித் தரையை உரசும் அளவுக்கு இறக்கி, வண்ணம் பூசி, ஊர்வலம் மாதிரி மெதுவாக ஓட்டினார்கள். காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடாது என்று 1958-இல் அங்கே சட்டம் வந்தது. அடுத்த வருடமே ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்திவிட்டார். போலீஸ் வந்தால் கார் மேலே ஏறும், போனதும் கீழே இறங்கும். அவர்கள் யாரும் வளைவில் வேகமாகப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தாழ்வாக, மெதுவாக என்பதுதான் அவர்களுடைய தாரக மந்திரமே. காரை ஒரு சிலையைப் போல நடத்தினார்கள். அதில் பொய் இல்லை.

சரி, இறக்கினால் ஹேண்ட்லிங்குக்கு ஒன்றுமே கிடைக்காதா? கிடைக்கும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 கிலோ கார். எடை மையம் தரையிலிருந்து 550 மில்லி உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1450 மில்லி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை ஜி (புவியீர்ப்பில் பாதி) பக்கவிசையில் ஒரு வளைவை எடுத்தால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு ஏறத்தாழ 190 கிலோ பாரம் மாறும். அதே காரை 30 மில்லி இறக்கினால் 179 கிலோ மாறும். லாபம் பத்து கிலோ சொச்சம், டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னி எடைக்கு வராது. அதற்காக அதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட மாட்டேன். டயர் உண்மையிலேயே அந்தப் பத்து கிலோவை உணரும். ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை யாரும் படத்துக்குக் கீழே எழுதுவதில்லை.

சின்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்கிற சஸ்பென்ஷன்தான். ஏர்ல் மேக்ஃபெர்சன் என்ற பொறியாளரின் யோசனை. 1950-இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரிலேயே இருந்தது. மேலே ஒரு ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்), கீழே சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் ஒரு லோயர் ஆர்ம், அவ்வளவுதான். செலவும் குறைவு, இடமும் மிச்சம், அதனால் சின்ன கார் செய்கிறவர்கள் அதைவிட்டு நகரவே இல்லை. இந்த அமைப்புக்கு ஒரு குணம் உண்டு. லோயர் ஆர்ம் ஏறக்குறையப் படுக்கையாகவோ, சக்கரத்தின் பக்கம் சற்றுத் தாழ்ந்தோ இருக்கும்வரை ஒழுங்காக வேலை செய்யும். காரை இறக்கினால் ஆர்மின் உள்முனை பாடியோடு கீழே வந்துவிடும், சக்கரத்தின் பக்கம் உயர்ந்து நிற்கும். தொந்தரவு அங்கே ஆரம்பிக்கிறது.

வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதுதான் ரோல் சென்டர். எடை மையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் ஒரு நெம்புகோல் மாதிரி. தூரம் கூடினால் பாடியைச் சாய்க்கிற பலமும் கூடும். ஸ்ட்ரட் அமைப்பில் காரை 30 மில்லி இறக்கினால், எடை மையம் 30 மில்லி இறங்கும். ரோல் சென்டரோ, ஆர்மின் கோணம் மாறுவதால், அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இறங்குவது சகஜம். சில கார்களில் தரைக்குக் கீழேயே போய்விடும். அதாவது நெம்புகோல் நீண்டுவிட்டது. ஸ்பிரிங் பழைய கடினத்திலேயே இருந்தால், இறக்கிய கார் இறக்காத காரைவிட அதிகமாகச் சாயும். முதன்முதலில் இதைக் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, திரும்ப வரைந்தேன்.

"இல்லண்ணே, என் கார் சாயவே இல்லையே" என்பான். சாயாதுதான், கூடவே கடினமான ஸ்பிரிங் போட்டிருப்பதால். பாடி சாய்வது குறைந்ததும் பிடிமானம் கூடிவிட்டதாக நம் உடம்பு நினைத்துக்கொள்கிறது. பாரம் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிப்பது எடை, எடை மைய உயரம், சக்கர அகலம், எடுக்கிற வளைவு. பாடி சாய்ந்தாலும் சாயாவிட்டாலும் ஏறக்குறைய அதே பாரம்தான் மாறும். 1962-இல் வந்த லோட்டஸ் எலான் மெத்தென்ற ஸ்பிரிங்கும் நீளமான சஸ்பென்ஷன் பயணமும் கொண்ட கார். வளைவில் நன்றாகவே சாயும். ஹேண்ட்லிங் என்றால் இன்றைக்கும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

கேம்பரும், அதாவது டயர் நிமிர்ந்தோ சாய்ந்தோ நிற்கும் கோணமும், இதே மாதிரி. ஆர்ம் ஒரு கோணத்தைத் தாண்டி உயர்ந்துவிட்டால், அதற்குமேல் சக்கரம் ஏற ஏற, ஆர்மின் நுனியில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட் உள்ளே இழுபடும், டயரின் தலை வெளியே சாயும். வளைவில் எந்த டயர் காரைத் தாங்குகிறதோ அதுவே தோளில், அதாவது வெளி ஓரத்தில், நிற்கும். சக்கரத்தைத் திருப்புகிற டை ராடின் கோணமும் ஆர்மின் கோணமும் ஒத்துப்போகாமல் போனால், மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங்கை அசைக்காமலேயே சக்கரம் திரும்பும். பம்ப் ஸ்டீயர் என்பார்கள். நேர்ச்சாலையில் கார் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மோப்பம் பிடித்துக்கொண்டே போகும். ஸ்போர்ட்டி ஃபீல் என்று சிலர் சந்தோஷப்படுவது இதைத்தான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது பயணம், அதாவது சக்கரம் மேலே ஏற மிச்சமிருக்கிற தூரம்.

ஃபெண்டருக்குக் கீழே இருக்கிற அந்த அசிங்கமான இடைவெளி சும்மா விட்ட இடம் என்று நானும் நினைத்திருந்தேன். 900 கிலோ காரில் பெரியவர்கள் நாலு பேர் ஏறினால் 300 கிலோ, காரின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய காருக்கு நாலு பேர் பெரிய சுமையில்லை. சின்ன கார்தான் அந்தப் பாரத்தில் குந்திவிடும். குந்திய பிறகும் மேட்டில் ஏற இடம் வேண்டும் என்றுதான் எக்கி நிற்கிறது.

இப்போது 80 மில்லி பயணம் இருக்கிற காரை 40 இறக்கினால் மிச்சம் 40. பாதி. அதே குலுக்கலை அந்தப் பாதித் தூரத்தில் விழுங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் எத்தனை மடங்கு கடினமாக இருக்க வேண்டும்? இரண்டு மடங்கு என்று தோன்றும். நாலு மடங்கு! ஸ்பிரிங்கில் தேங்குகிற ஆற்றல் தூரத்தின் இருமடியாகக் கூடுவதால் வருகிற கணக்கு இது. ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் எவ்வளவு கடினமாகும் தெரியுமா, வெறும் 20 சதவீதம். மீதியை யார் தாங்குவது? பம்ப் ஸ்டாப் என்கிற அந்த ரப்பர் கட்டிதான். (ஸ்பிரிங்கை கேஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைக்கிறவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பதம் போன எஃகை நம்பி ஓட்டுகிறவரிடம் பேச என்ன இருக்கிறது?)

என் கதைக்கு வருகிறேன். நான் போட்டது வெட்டிய ஸ்பிரிங் இல்லை, முறையாக வாங்கிய குட்டை ஸ்பிரிங். 40 மில்லி இறக்கம். ஷாக்கை மட்டும் மாற்றவில்லை, பழசே நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். முதல் மாதம் சொர்க்கம். காரை நிறுத்திவிட்டுப் பத்து அடி போய்த் திரும்பிப் பார்ப்பேன். ஓட்டும்போது எல்லாமே வேகமாகத் தெரிந்தது. ஒட்டுப்போட்ட சாலையில் ஒருநாள் வளைவின் நடுவே சின்ன மேடு. தினமும் தாண்டுகிற மேடுதான். அன்றைக்குக் கொஞ்சம் வேகம், பின்சீட்டில் இரண்டு பேர். டொக் என்று ஒரு சத்தம், பின்பக்கம் அப்படியே ஒரு அடி வெளியே துள்ளியது. எதிரில் யாரும் வரவில்லை. ஸ்டீயரிங்கை நான் திருத்தியதாக ஞாபகமே இல்லை, கை தானாகச் செய்திருக்கிறது. பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தவே இல்லை, எனக்குத்தான் உள்ளங்கை ஈரம்.

அதன் பிறகுதான் நாலு ஷாக்கின் ராடிலும் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டினேன். பழைய வித்தை இது. சக்கரம் மேலே ஏறும்போது ஷாக்கின் உடல் அந்த டையைத் தள்ளிக்கொண்டு போகும், எவ்வளவு தூரம் போனதோ அங்கேயே அது நின்றுவிடும். ஒருநாள் சாதாரணமாக ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். நாலும் பம்ப் ஸ்டாப்பில் அப்பிக்கொண்டு இருந்தன. நான் இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்தது சஸ்பென்ஷனில் இல்லை, ரப்பர் கட்டியில். கட்டியில் மோதும் நொடியில் அந்த மூலையின் கடினம் பல மடங்கு எகிறும், டயர் பிடியை விடும். முன்பக்கம் மோதினால் கார் திரும்ப மறுக்கும், பின்பக்கம் மோதினால் எனக்கு நடந்தது நடக்கும்.

"அப்ப ரேஸ் கார் மட்டும் ஏன் தாழ்வா இருக்கு?" இந்தக் கேள்வி கமென்ட்டில் கட்டாயம் வரும், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேஸ் டிராக் சமதளம். ஃபார்முலா ஒன் காருக்குத் தரையோடு ஒட்டிய அடிப்பாகம்தான் காற்றழுத்தத்தால் காரைக் கீழே இழுக்கிறது. நம் காரின் அடியில் அப்படி ஒன்றும் இல்லை. அவர்களுக்கே தாழ்வு ஒரு அளவுக்கு மேல் விஷம். 2022-இல் புது விதிகளோடு வந்த கார்கள் நேர்ச்சாலையில் முயல் மாதிரி குதித்ததால், அடுத்த வருடம் அடித்தளத்தின் ஓரங்களை 15 மில்லி உயர்த்தச் சொன்னார்கள். 2023 அமெரிக்க கிராண்ட் பிரீயில் அடிப்பலகை அளவுக்கு மேல் தேய்ந்ததற்காக ஹாமில்டன், லெக்லேர் என்ற இரண்டு ஓட்டுநர்கள் தகுதி நீக்கமே ஆனார்கள். சாலை கரடுமுரடாக இருக்கிற ராலியைப் பாருங்கள். மண் சாலை என்றால் காரை உயர்த்துவார்கள், ஷாக்குக்கு நீளமான பயணம் கொடுப்பார்கள். நாம் தினமும் ஓட்டுகிற சாலை எதற்குப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

உண்மையிலேயே ஹேண்ட்லிங்தான் வேண்டும் என்றால் நான் முதலில் டயரில் கை வைப்பேன், பிறகு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), பிறகு நல்ல ஷாக். சாய்வு பிடிக்கவில்லையா, சற்றுத் தடிமனான ஆன்ட்டி ரோல் பார், சாய்வைத் தடுக்கிற கம்பி. இவ்வளவும் செய்து முடிக்கும்வரை காரின் உயரத்தைத் தொடவே வேண்டாம். அதற்குமேலும் இறக்க ஆசையிருந்தால், அந்த ஸ்பிரிங்குக்கென்றே செய்த ஷாக், குட்டையான பம்ப் ஸ்டாப், ஆர்மின் கோணத்தைத் திருத்தும் நீளமான பால் ஜாயின்ட், மறுபடி அலைன்மென்ட். ஹெட்லைட்டின் நோக்கையும் சரிபார்க்க வேண்டும், முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு இறங்குவது அபூர்வம்.

என் கார் இப்போது 20 மில்லி இறக்கத்தில் நிற்கிறது, பொருத்தமான ஷாக்கோடு. ஏன் அந்த 20 என்று கேட்டால், பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக. வேறு காரணம் இல்லை.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் இன்று காலை முக்கால் மணி நேரம் போனில் சொன்னேன். கேபிள் டை விஷயம் உட்பட. ரொம்பப் பொறுமையாகக் கேட்டான். நடுநடுவே "ம்ம், ஆமாண்ணே, கரெக்ட்டுண்ணே" என்றெல்லாம் சொன்னான். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டான்.

"அண்ணே, அப்ப 17 இஞ்ச் வீல் போட்டா சரியாயிடுமா?"